லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றலாமா? யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கான மதிப்பீடு

காலையில் எழும்பியதும் கண்ணாடியைத் தடவித் தேடாமல் சுவர் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. பொருத்தமான கண்ணுக்கு லேசர் அதை உண்மையாகவே தருகிறது. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 21 வயதைத் தாண்டி, ஒரு வருடமாகப் பவர் அசையாமல், மைனஸ் ஒன்றரைக்கும் மைனஸ் 6க்கும் இடையில் இருந்து, கோர்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) தடிப்பாகவும் கண் ஈரமாகவும் உள்ளவர் தாராளமாகச் செய்யலாம். மைனஸ் 8ஐத் தாண்டியவர்களும் கண்ணை ஓயாமல் கசக்குகிறவர்களும் 40ஐ நெருங்குகிறவர்களும் நின்று யோசிக்க வேண்டும். விளம்பரங்கள் மெசினின் பெயரைச் சொல்லி விற்கின்றன. ஒரு நிலையம் நல்லதா என்பது மெசினுக்கு முன்னால் நடக்கும் பரிசோதனையிலும் பிறகு நடக்கும் பார்வையிடலிலும்தான் தெரியும். யாழ்ப்பாணத்தவருக்கு அந்த இரண்டுமே பெரும்பாலும் 400 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில், அல்லது கடல் தாண்டிச் சென்னையில், மதுரையில்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். "அம்மாவுக்கு லேசர் செய்தது, எனக்கும் செய்யலாம்தானே" என்று கேட்கிறார்கள். வெண்புரை எடுத்த பிறகு உள்ளே படியும் சவ்வை வெட்டுவதும் லேசர். நீரிழிவால் கசியும் விழித்திரைக்கு அடிப்பதும் லேசர். இரண்டுக்கும் கண்ணாடிப் பவரோடு சம்பந்தமில்லை. இங்கே நாங்கள் எழுதுவது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிவான கோர்னியாவைச் செதுக்கி வளைவை மாற்றும் சிகிச்சையைப் பற்றி.

செதுக்குவது 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர். சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் 1981இல், மீந்துபோன வான்கோழித் துண்டில் இதைப் பாய்ச்சிப் பார்த்தார். வெட்டின் ஓரம் கருகவில்லை, அருகிலுள்ள திசு சூடாகவில்லை. 1983இல் ஸ்டீவன் ட்ரொகெல் என்ற கண் வைத்தியரோடு சேர்ந்து அதைக் கோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரோன் ஆழம்தான் போகும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிகிச்சையின்போது மூக்கில் ஏறும் முடி பொசுங்கும் மணத்துக்குப் பயப்பட வேண்டாம். கண் எரிவதால் அது வருவதில்லை. பிணைப்பு அறுந்து ஆவியாகும் திசுவின் மணம் அது.

இனிப் பரிசோதனை. முழு முடிவும் இங்கேதான் இருக்கிறது. மென்மையான கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் குறைந்தது இரண்டு கிழமையும், கடின லென்ஸ் போடுகிறவர் குறைந்தது ஒரு மாதமும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். லென்ஸ் கோர்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றிவிடும். மாறிய வடிவத்தை அளந்தால் மாறிய பவருக்குத்தான் செதுக்குவார்கள். "நேற்று வரை லென்ஸ் போட்டேன்" என்று சொன்ன பிறகும் அன்றே அளந்து அடுத்த நாள் திகதி தரும் நிலையத்தில் மேற்கொண்டு கதைக்க ஒன்றுமில்லை, வெளியே வந்துவிடலாம்.

கோர்னியாவின் வரைபடத்தைப் பென்டகாம் போன்ற கருவியில் எடுப்பார்கள். நிறம் நிறமாக வரும் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று சொன்னால் போதாது. மூன்று விடயங்களைத் தாளில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதலாவது, மிக மெலிந்த இடத்தின் தடிப்பு. சராசரிக் கண்ணில் கோர்னியாவின் நடுப்பகுதி 540 மைக்ரோன் அளவில் இருக்கும். இரண்டாவது, வளைவின் அளவு. டயொப்டர் என்ற அலகில் 43, 44 சாதாரணம். 47ஐத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். மூன்றாவது, வளைவு மேலும் கீழும் ஒத்துப்போகிறதா என்பது. கீழ்ப்பாதி மட்டும் சிவந்து செங்குத்தாகத் தெரிந்தால் கெரட்டோகோனஸ் தொடங்கியிருக்கலாம், அதாவது கோர்னியா மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் வருத்தம். அப்படிப்பட்ட கண்ணில் லாசிக் (கோர்னியாவில் மெல்லிய மூடி வெட்டித் திருப்பி அடியில் செதுக்கும் முறை) செய்தால் பிதுங்கல் வேகமெடுக்கும். தடிப்பும் சரி, பவரும் சரி, இந்தக் கீழ்ச்சிவப்பு மட்டும் இருந்தாலும் வேண்டாம் என்றுதான் நல்ல வைத்தியர் சொல்லுவார். சிறுவயதிலிருந்து கண் கடித்து, கசக்கிக் கசக்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கான வாய்ப்புக் கூட. சிலிண்டர் பவர் (கோர்னியா ஒரு திசையில் கூட வளைந்திருப்பதற்கான பவர்) வருடத்துக்கு வருடம் ஏறுகிறதென்றால் லேசரை மறந்துவிட்டு முதலில் இந்தப் படத்தை எடுக்க வேண்டும்.

தடிப்புக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். செதுக்கும் வட்டம் ஆறரை மில்லிமீற்றர் என்றால் ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரோன் போகும். வட்டம் 6 மில்லிமீற்றர் என்றால் 12. லாசிக்கில் இதற்கு மேல் மூடிக்கு 110 மைக்ரோன் அளவு போகும். எல்லாம் போய் அடியில் குறைந்தது 250 மைக்ரோனாவது மிஞ்ச வேண்டும். 300 மிஞ்சினால்தான் நிம்மதி என்று நினைக்கிற வைத்தியர்கள் பலர். அதோடு, மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் 40 வீதத்தை எட்டக்கூடாது.

545 மைக்ரோனும் மைனஸ் 4உம் உள்ளவருக்கு: செதுக்கல் 56, மூடி 110, மொத்தம் 166. மிச்சம் 379, போனது 30 வீதம். மனம் கோணாமல் செய்யலாம். 495 மைக்ரோனும் மைனஸ் ஏழரையும் உள்ளவருக்கு: 105உம் 110உம் சேர்ந்து 215. மிச்சம் 280. 250ஐத் தாண்டிவிட்டதே என்று சிலர் ஓம் சொல்லிவிடுவார்கள். ஆனால் போனது 43 வீதம். இந்தக் கண்ணுக்கு லாசிக் வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. சிலிண்டரையும் மறக்காமல் கூட்டுங்கள். மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 2 என்றால் ஆழக் கணக்குக்கு அது 5. ஒரு பவருக்குப் போகும் ஆழம் மெசினுக்கு மெசின் மாறும், பல மெசின்கள் சூத்திரத்தைவிடக் கூடவே எடுக்கும். ஆகவே உங்கள் கண்ணுக்கு மெசின் காட்டும் ஆழத்தைக் கேட்டு இந்தக் கணக்கில் போடுங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் கண்ணைக் கொடுக்க வேண்டாம்.

கண்ணீர்ப் பரிசோதனை சின்னது, பலர் தவிர்த்துவிடுவது. கீழ் இமையில் ஒரு தாள் நாடாவை ஐந்து நிமிடம் மாட்டி வைப்பார்கள். 10 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் நல்லது. 5க்குக் கீழ் என்றால் முதலில் வறட்சிக்கு வைத்தியம், பிறகுதான் லேசர். மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பதும் கட்டாயம். அன்று நாலைந்து மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், மோட்டார் சைக்கிள் ஓட முடியாது. கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முறைகள் மூன்று. லாசிக்கில் கோர்னியாவின் மேற்பகுதியை, இளநீர் சீவும்போது மூடியை ஒரு பக்கம் விட்டு மடிப்பதுபோல, மெல்லிய மூடியாக வெட்டித் திருப்பி, அடியில் செதுக்கி, மூடியைத் திரும்ப வைக்கிறார்கள். தையல் இல்லை. அடுத்த நாளே பார்வை தெளிந்துவிடும். அதனால்தான் எல்லோருக்கும் இது பிடிக்கிறது. ஆனால் அந்த மூடி பழையபடி இறுகி ஒட்டுவதில்லை. வருடங்கள் கழித்தும் பலமான அடி பட்டால் நகரலாம்.

பிஆர்கேயில் மூடியே கிடையாது. மேல்தோலை மட்டும் அகற்றி நேரடியாகச் செதுக்கி, மேலே ஒரு கட்டு லென்ஸ் போட்டு விடுவார்கள். இரண்டு மூன்று நாள் கண் நன்றாக நோகும், நீர் ஓடும், வெளிச்சம் பார்க்க ஏலாது. நாலாம் ஐந்தாம் நாள் தோல் மூடியதும் லென்ஸை எடுப்பார்கள். பார்வை நிதானத்துக்கு வர ஒன்றிலிருந்து மூன்று மாதம் செல்லும். அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி பெற்ற பழைய முறை என்று இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். கிரிக்கெட், கராத்தே என்று முகத்தில் அடி படக்கூடியவர்களுக்கும், கடற்தொழில் செய்கிறவர்களுக்கும், தடிப்புக் கணக்கில் சற்றுக் குறைவாக நிற்கிறவர்களுக்கும் மூடி இல்லாத இந்த முறைதான் சரி.

ஸ்மைல் முறையில் உள்ளுக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டி, 2 தொடக்கம் 4 மில்லிமீற்றர் துவாரத்தால் இழுத்தெடுப்பார்கள். அறுபடும் நரம்பு குறைவு, வறட்சியும் குறைவு. விலை கூட. வைத்தியரின் கைப்பழக்கம் இதில் நிறையப் பேசும், ஆகவே எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பதில் தப்பில்லை.

சத்திரசிகிச்சை நாள் நினைப்பதைவிடச் சிறியது. விறைப்புச் சொட்டு விட்டு, இமையைக் கம்பியால் விரித்து வைப்பார்கள். லாசிக்கில் உறிஞ்சும் வளையம் கண்ணில் ஒட்டும்போது அழுத்தம் ஏறிச் சில விநாடி பார்வை இருண்டுபோகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள். பிறகு ஒளிரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் கொஞ்சம் அசைந்தால் லேசர் பின்தொடரும், கூட அசைந்தால் தானே நின்றுவிடும். இரண்டு கண்ணுக்கும் அரை மணித்தியாலம் போதும். அன்று வாசனைத் திரவியம், கண் மை, பவுடர் எதுவும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் தங்கும் நாளையும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் செய்துவிட்டு இரவு பஸ்ஸில் திரும்பலாம் என்ற எண்ணத்தை விடுங்கள். லாசிக்கில் மூடி சுருங்கினாலோ, அடியில் அழற்சி தொடங்கினாலோ முதல் ஒன்றிரண்டு நாளில்தான் தெரியும். அப்போதே மூடியைத் தூக்கிக் கழுவிச் சரிசெய்தால் சுகம். ஒரு கிழமை கழித்துக் கண்டுபிடித்தால் மடிப்பு இறுகிவிடும். லாசிக், ஸ்மைல் என்றால் குறைந்தது மூன்று இரவு, பிஆர்கே என்றால் கட்டு லென்ஸ் எடுக்கும் வரை ஒரு கிழமை வெள்ளவத்தையிலோ எங்கேயோ தங்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். சென்னைக்குப் போகிறவர் பத்து நாள் வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும்போது ஏசி பஸ்ஸில் காற்றுத் துவாரத்துக்கு நேரே இருக்க வேண்டாம், அதை மூடிவிட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈரச்சொட்டு விடுங்கள். சாய்ந்து தூங்கினால் கைமறதியாகக் கண்ணைக் கசக்கிவிடலாம். கண் கவசத்தைப் போட்டே தூங்க வேண்டும்.

புறப்படும் முன்பே ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதப் பார்வையிடலை யாழ்ப்பாணத்தில் யார் செய்வார்? செய்த வைத்தியரிடமிருந்து இங்குள்ள கண் வைத்தியருக்கு, என்ன முறை, எவ்வளவு ஆழம், என்ன சொட்டு, எத்தனை நாள் என்று எழுதிய கடிதம் வேண்டும். பிஆர்கே செய்தவருக்கு இது இன்னும் முக்கியம். ஸ்டீரொயிட் சொட்டு வாரக்கணக்கில் போகும். சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், ஏறுவது வெளியில் தெரியாது. அழுத்தம் அளக்க இங்கேயே முடியும், அதற்காகக் கொழும்புக்கு மினக்கெடத் தேவையில்லை. சிவந்த கண் இந்தச் சொட்டில் உடனே வெளுப்பதால், வைத்தியர் நிறுத்தச் சொன்ன பிறகும் பார்மசியில் தானாக வாங்கி விடுகிறவர்கள் உண்டு. கிளோகோமாவும் (பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) வெண்புரையும் வந்து சேரும் வழி அது.

வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீரும் புழுதியும்தான் எதிரி. முதல் கிழமை கிணற்றடியில் வாளியால் தலையில் ஊற்றிக் குளிக்கக்கூடாது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து வேறொருவர் கழுவி விடட்டும். கீரிமலைக் கேணி, கடல் இரண்டையும் ஒரு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். திருநீறு பூசும்போது தூள் கண்ணுக்குள் விழும், ஆகவே விரலால் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. சோளகம் வீசும் மாதங்களிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் தெருவெல்லாம் புழுதி. நாள் தெரிவுசெய்ய முடிந்தால் அதைத் தவிர்த்து மழை தொடங்கிய பிறகு வையுங்கள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை மூடியே ஓடுங்கள். பிஆர்கே செய்தவர்கள் புற ஊதாவைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியைச் சில மாதம் வெயிலில் கழற்றக்கூடாது, நம் ஊர் வெயிலில் கோர்னியாவில் பனிப்படலம் விழும் ஆபத்து இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இரவில் போகிறவர்களுக்கு எதிர்வரும் லைற்றைச் சுற்றி வளையம் தெரியும். பெரும்பாலானோருக்கு மாதங்களில் குறையும். இருட்டில் கண்மணி மிகப் பெரிதாக விரிகிறவர்களுக்கு முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இரவு ஓட்டமே தொழில் என்றால் கண்மணி அளவை இருட்டில் அளக்கச் சொல்லுங்கள்.

வறட்சி அநேகமாக எல்லோருக்கும் வரும். கோர்னியாவின் நரம்பு அறுபடுவதால் கண் காய்வது மூளைக்குத் தெரியாது, கண்ணீர் சுரக்காது. நரம்பு வளர மூன்று தொடக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். அதுவரை பதப்படுத்தும் இரசாயனம் சேராத ஈரச்சொட்டை ஒழுங்காக விட வேண்டும். நாள் முழுக்கக் கணினி பார்க்கிறவருக்கு இது சிறிய விடயமல்ல. ஆனால் நோவு கூடிக்கொண்டே போனால், வெளிச்சம் தாங்க ஏலாவிட்டால், தெளிந்த பார்வை திடீரென்று மங்கினால் ஈரச்சொட்டோடு காத்திருக்க வேண்டாம். அன்றே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போங்கள்.

வயதைப் பற்றி. உயர்தரம் முடித்த கையோடு 18, 19 வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு வருடத்தில் அரைப் பவருக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் ஏறும், செய்தாலும் மறுபடி கண்ணாடி வரும். கலியாணம் பேச முதல் பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் செய்வது எங்களுக்கு வேதனையான விடயம். கண்ணாடி ஒரு குறையே இல்லை. பிள்ளைக்கே விருப்பமென்றால் முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முந்தியே செய்து முடியுங்கள். கண் மையும் ஓமப்புகையும் ஆறாத கண்ணுக்கு ஆகாது. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் அசையும் என்பதால் அப்போது செய்யக்கூடாது.

40ஐ நெருங்குகிறவரிடம் வெள்ளெழுத்தைப் பற்றி விற்பனையாளர் வாயே திறக்க மாட்டார். மைனஸ் இரண்டரை உள்ளவர் இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு உதயன் பேப்பரை வசதியாக வாசிக்கிறார். லேசர் செய்து தூரப்பார்வை சரியானால் அந்த வசதி போய்விடும், வாசிக்கக் கண்ணாடி வாங்க வேண்டிவரும். 42 வயதில் மைனஸ் 2, மைனஸ் 3 உள்ளவருக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மைனஸ் 9, 10 என்று இருப்பவர்களும் மெலிந்த கோர்னியாக்காரரும் ஐசிஎல் பற்றிக் கேளுங்கள். கோர்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள்ளே, கதிராளிக்கு (கண்மணியைச் சுற்றியுள்ள நிறமான வளையம்) பின்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைப்பது. வேண்டுமென்றால் திரும்ப எடுக்கலாம். ஆனால் கண்ணின் முன்னறை, அதாவது கோர்னியாவுக்குப் பின்னால் உள்ள இடைவெளியின் ஆழம், ஏறத்தாழ 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். கண்ணைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை என்பதால் கிருமித்தொற்று, அழுத்தம், வெண்புரை என்ற ஆபத்துகளும் சேரும். மைனஸ் பவர் கூடியவர்களுக்கு எந்த முறையில் பவரை நீக்கினாலும் விழித்திரை பழைய விழித்திரைதான். மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலும், கறுப்புப் புள்ளிகள் கூடினாலும், திரை இறங்கினாலும் உடனே காட்ட வேண்டும். வருடாந்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

காசு விடயத்தில், "இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு" என்ற விளம்பர விலைக்குள் பரிசோதனை, சொட்டு மருந்து, கட்டு லென்ஸ், ஆறு மாதப் பார்வையிடல், பவர் மிஞ்சினால் மறுமுறை செய்வது எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பரிசோதனைக்கு மட்டும் காசு கட்டுங்கள். முடிவு வரும் முன் முற்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், கட்டிய காசு உங்களை ஓம் சொல்ல வைத்துவிடும். "உங்களுக்குச் சரிவராது" என்று திருப்பி அனுப்பும் நிலையத்தை நாங்கள் நல்ல நிலையம் என்றே மதிப்போம்.

செய்தவர்கள் ஒரு தாளைத் தொலைக்கக்கூடாது. சிகிச்சைக்கு முந்திய பவர், வளைவு, தடிப்பு, செதுக்கிய ஆழம் எல்லாம் உள்ள அறிக்கை அது. 60, 65 வயதில் வெண்புரை எடுக்கும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கோர்னியாவின் வளைவை வைத்துத்தான் கணிக்கிறார்கள். செதுக்கிய கோர்னியா அந்தக் கணக்கைப் பிழைக்கச் செய்யும். கோர்னியா மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பழைய எண்கள் கையில் இருந்தால் இரண்டையும் திருத்திக்கொள்ள உதவும். முப்பது வருடம் கழித்து அந்த நிலையம் அதே இடத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே சத்திரசிகிச்சை நாளன்றே இரண்டு பிரதி கேட்டு வாங்கி, ஒன்றைப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள்.